இடமிருந்தால் மட்டும்

பெறுநர்: விமான நிறுவனங்களில் பணிபுரிவோர், ஓய்வுபெற்றோர், அவர்களுடைய பாஸில் பறக்கும் குடும்பத்தார், நண்பர்கள்.

பொருள்: பணியாளர் பாஸில் பறக்கும்போது நடந்துகொள்ளும் முறை.

விமான நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தரும் பயணத்துக்குப் பல பெயர்கள் உண்டு. ‘ஸ்டாஃப் டிராவல்’ என்பது பொதுப்பெயர். ஏர் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு அது ‘பாசேஜ்’. வளைகுடா நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ‘சப்லோ’ என்கிறார்கள்; ‘சப்ஜெக்ட் டு லோடு’ என்பதன் குறுக்கம் அது. அமெரிக்காவில் ‘நான்-ரெவ்’, அதாவது நிறுவனத்துக்கு வருவாய் தராத பயணி. வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் போவதற்கு ‘ஐடி டிக்கெட்’ இருக்கிறது. ஐடி 90 என்றால் கட்டணத்தில் 90 விழுக்காடு தள்ளுபடி, ஐடி 50 என்றால் பாதி. தூரத்தை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வைக்கும் ‘ஸெட்’ என்ற ஒப்பந்தமும் உண்டு. அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களின் பணியாளர்கள் ஒருவர் விமானத்தில் ஒருவர் சொற்பப் பணத்தில் பறக்கலாம். உறுதி செய்த இருக்கை தரும் சில வகைகளை விட்டுவிட்டால், பெயர் எதுவானாலும் நிபந்தனை ஒன்றுதான். பணம் கொடுத்த பயணிகள் எல்லாரும் ஏறியபின் இடம் மிச்சமிருந்தால் மட்டும்.

இந்தச் சலுகை பிறந்த காலத்தில் இடம் தாராளமாக மிஞ்சியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் ஏறக்குறையப் பாதி இருக்கைகள் காலியாகவே பறந்தன. விமானத்தின் கதவு மூடிய நொடியில் காலி இருக்கையின் விலை பூஜ்யமாகிவிடுகிறது. மறுநாள் சந்தைக்கு எடுத்து வைக்க அது கத்தரிக்காய்கூட இல்லை. சம்பளத்தோடு அந்த இருக்கையையும் பணியாளருக்குக் கொடுத்தால் நிறுவனத்துக்கு இழப்பில்லை, பணியாளருக்கோ உலகமே திறக்கிறது. மாதச் சம்பளத்தில் வெளிநாடு என்பதை நினைத்தும் பார்க்க முடியாத சரக்கேற்றும் தொழிலாளி, தன் தாயை விமானத்தில் ஏற்றிக் காசிக்கு அனுப்ப முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். தொழிலாளருக்குக் கிடைத்த மிக அழகான சலுகைகளில் ஒன்று இது என்பதில் ஐயமில்லை.

சட்டமும் அந்த அடிப்படையில்தான் இதற்கு இடம் கொடுத்தது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு 1984-இல் சேர்க்கப்பட்டது. முதலாளிக்குக் கூடுதல் செலவு வைக்காத சேவையைப் பணியாளர் இலவசமாகப் பெற்றால் அதற்கு வரி இல்லை என்கிறது அது. கூடுதல் செலவு என்ற கணக்கில், கைவிட்டுப்போன வருவாயையும் அந்தப் பிரிவு சேர்த்துக்கொள்கிறது. விற்றிருக்கக்கூடிய இருக்கையைப் பணியாளருக்குக் கொடுத்தால் அது இந்த வரையறைக்குள் வராது என்பது இதன் பொருள். விமானப் பணியாளரின் பெற்றோரும் வரிவிலக்கில் அடங்குவர் என்று அதே பிரிவு தனியாகச் சொல்கிறது. இந்தியாவில் 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3(6)-ஆம் விதி, போக்குவரத்து நிறுவனங்கள் தம் ஊழியருக்குத் தரும் இலவசப் பயணத்தை வருமானமாகக் கணக்கிடச் சொல்லிவிட்டு, விமான நிறுவன ஊழியருக்கும் ரயில்வே ஊழியருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. ஆக, பொதுமக்களின் வரிப்பணத்திலும் இந்தச் சலுகைக்கு ஒரு சிறு பங்கு இருக்கிறது.

நிலைமை பிறகு மாறியது. கணினியில் முன்பதிவு வந்தது. எந்த விமானத்தில் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கணித்து அதற்கேற்ப அதிகமாக விற்கும் முறையும் வந்தது. 2024-இல் உலக அளவில் விமான இருக்கைகளில் 83.5 விழுக்காடு நிரம்பின என்கிறது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம். அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு நிரம்பியதில்லை. அது ஆண்டு முழுவதற்குமான சராசரி. பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையோ மே மாதத்து ஞாயிறோ காலி இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. சலுகையின் விதி பழையபடியே இருக்கிறது, மிச்சம் குறைந்துவிட்டது. பணியாளர் பயணத்தில் கேட்கும் பெரும்பாலான கூச்சலுக்கு வேர் இங்கே இருக்கிறது. அது கூச்சலுக்கான காரணம்; நியாயம் ஆகாது.

முதல் உரசல் கேட்டில் நடக்கிறது. ஸ்டாண்ட்பை பெயர்களைக் கூப்பிடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இணைப்பு விமானத்தைத் தவறவிட்டுக் காத்திருக்கும் பயணிகள் முதலில், அந்த நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்கள் அடுத்து, பிறகு ஓய்வுபெற்றவர்களும் நண்பர்களின் பாஸில் வந்தவர்களும், பெரும்பாலும் கடைசியில் பிற நிறுவனத்து ஐடி டிக்கெட்காரர்கள். ஒரே வகைக்குள் யார் முன்னே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல்டாவும் யுனைடெட்டும் பணிமூப்பைப் பார்க்கின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யார் முதலில் செக்-இன் செய்தார் என்று பார்க்கிறது. அங்கே 30 ஆண்டு அனுபவமுள்ள கேப்டனும் 3 மாதம் முன்பு சேர்ந்த சுமை தூக்குபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்த இரண்டாவது முறை கூடுதல் நேர்மையானது என்று சொல்லலாம். மூப்பு என்பது வேலையில் பொறுப்பைத் தீர்மானிக்க வேண்டிய அளவுகோல். விடுமுறைப் பயணத்தில் அதற்கு வேலை இல்லை. எந்த முறையானாலும் பட்டியலைப் போடுவது கணினி. கவுன்டரில் நிற்பவர் அதைப் படித்துச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் திட்டு விழுவது அவர்மீதுதான். “லோடு பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன், நாலு சீட் காலியா இருக்கு.” “எனக்கு எத்தனை வருஷ சர்வீஸ் தெரியுமா?” “உங்க டூட்டி மேனேஜர் யாரு, கூப்பிடுங்க.” பயணி சொன்னால் அறியாமை என்று விட்டுவிடக்கூடிய இந்த வாக்கியங்களை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவரே சொல்வதுதான் வருத்தம். புறப்பாட்டுக்கு முந்தைய கால் மணி நேரத்தில் கேட்டில் இருப்பவருக்குச் சக்கர நாற்காலிப் பயணிகள், தாமதமாக ஓடி வருபவர்கள், எண்ணிக்கை ஒத்துப்போகாத பைகள், கதவு மூட வேண்டிய நேரம் என எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. ஸ்டாண்ட்பை பட்டியலை எடுக்கவே அவருக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களை வாக்குவாதத்தில் கரைப்பவர், தனக்குப் பின்னால் பட்டியலில் இருக்கும் சக பணியாளரின் இடத்தையும் சேர்த்தே கரைக்கிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய விமான நிலையங்களில் கவுன்டரில் நிற்கும் இளம்பெண்ணோ இளைஞரோ பல நேரம் அந்த விமான நிறுவனத்தின் ஊழியரே அல்ல. வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையை எடுத்துச் செய்யும் தரைப்பணி நிறுவனங்களின் ஆள். அவருடைய பணி ஒப்பந்தம் வேறு, சம்பளம் வேறு. அந்த விமானத்தில் பாஸில் ஏறும் உரிமை பெரும்பாலும் அவருக்கு இல்லை. தனக்குக் கிடைக்காத ஒரு சலுகையை இன்னொருவருக்கு முறையாக வழங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சத்தம் போடுவது, எதிரே நிற்கும் எந்தப் பயணியைச் சத்தம் போடுவதையும்விட மோசமானது. அவர் திருப்பிப் பேச முடியாது. புகார் எழுதினாலும் அது போய்ச்சேரும் மேசை, திட்டியவருடைய நிறுவனத்தின் மேசை.

காலி இருக்கை கண்ணுக்குத் தெரிந்தும் ஏற்றாமல் விடுவதற்குக் காரணங்கள் உண்டு என்பது பல பணியாளர்களுக்கே தெரிவதில்லை. அவர்கள் அலுவலகத்திலோ கால் சென்டரிலோ வேலை செய்பவர்களாக இருந்தால் தெரிய வழியுமில்லை. லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறைகின்றன. வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலிகிறது. அதனால்தான் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையில் வந்து போகின்றன, அப்போதும் எடையைக் குறைத்துக்கொண்டே கிளம்புகின்றன. 180 இருக்கை விமானத்தில் 30 காலியாக இருந்தாலும் அதில் ஒருவரைக்கூட ஏற்ற முடியாத நாள் உண்டு. ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்களில் எடை முன்னும் பின்னும் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் பார்க்கப்படுகிறது. பின்வரிசை காலியாக இருப்பது சில நேரம் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. நீண்ட தூர விமானங்களில் பணிக்குழு ஓய்வெடுக்க ஒதுக்கிய இருக்கைகள், பெல்ட் பழுதான இருக்கைகள் என்று வேறு கணக்குகளும் இருக்கின்றன.

எடை கூடினால் முதலில் இறக்கப்படுபவர் பாஸில் வந்தவர். உட்கார்ந்து பெல்ட் போட்டபின்னும் இறங்கச் சொல்லலாம். பையைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் பார்க்க நடந்து வெளியே வருவது கூச்சமான காரியம்தான். அந்தக் கூச்சத்தைக் கோபமாக மாற்றி விமானக் குழுவின் மேல் கொட்டுவதால் ஒட்டுமொத்த விமானமும் தாமதமாகிறது. ஆஃப்லோடு என்பது தண்டனை இல்லை, டிக்கெட்டின் விலையில் ஒரு பகுதி. டிக்கெட் வாங்கியவரைத் தாம் செய்த குறையால் ஏற்றாமல் விட்டால் இந்திய நிறுவனங்கள் நஷ்டஈடு தர வேண்டியிருக்கும். 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கும் மேலானால் 20,000 ரூபாய் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையில் இதற்கு 250 யூரோ முதல் 600 யூரோ வரை. பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்திலோ இலவசமாகவோ பறப்பவருக்கு இது பொருந்தாது என்று அந்த ஒழுங்குமுறையின் 3-ஆம் உறுப்பு தெளிவாக எழுதியிருக்கிறது. அடிக்கடி பறந்து சேர்த்த மைல்களில் இலவச டிக்கெட் பெற்றவருக்கு உரிமை உண்டு, பணியாளர் பாஸுக்கு இல்லை. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு.

கடமைக்காகப் பறப்பதும் விடுப்பில் பறப்பதும் வேறு வேறு என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ள வேண்டும். இந்திய நிறுவனங்களில் ‘எஸ்.ஓ.டி.’ என்பது பணி நிமித்தம் பயணிக்கும் ஊழியர். சென்னையில் கிளம்ப வேண்டிய விமானத்தை ஓட்ட விமானி தில்லியிலிருந்து வர வேண்டுமென்றால் அவருக்கு இருக்கை கட்டாயம்; இல்லாவிட்டால் சென்னையில் ஒரு விமானம் முழுவதும் நின்றுபோகும். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் லூயிவில் நகருக்குக் கிளம்பவிருந்த யுனைடெட் எக்ஸ்பிரஸ் 3411-இல் நடந்தது இந்த வகை. நான்கு பணிக்குழுவினருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, உட்கார்ந்திருந்த 69 வயது மருத்துவர் ஒருவரை விமான நிலையப் பாதுகாவலர்கள் இழுத்துப்போனார்கள். முகத்தில் ரத்தத்தோடு அவர் இழுபடும் காட்சி உலகமெங்கும் பரவியது. அந்த நால்வர் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் மனத்தில், விமான ஊழியர் என்றால் பணம் கொடுத்தவனை எழுப்பிவிட்டு உட்காருபவர் என்ற படம் பதிந்தது. பணிக்குழுவுக்கான இருக்கையைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று யுனைடெட் பிறகு விதியை மாற்றியது. விடுப்பில் பறக்கும் ஊழியர் ஒருவர் கேட்டில் குரல் உயர்த்தும்போது, சுற்றி நிற்கும் பயணிகளுக்கு நினைவு வருவது 3411-தான். எஸ்.ஓ.டி. யார், சப்லோ யார் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

அடுத்தது விமானத்துக்குள். இங்கே நடப்பவை சிறியவை, ஆனால் தினமும் நடப்பவை. உறுதி செய்த இருக்கையோடு முதலில் ஏறிய பணியாளர் குடும்பம் தலைக்கு மேலுள்ள பெட்டிகளை நிரப்பிவிட, பின்னால் வரும் பயணியின் பையைக் குழுவினர் கீழே அனுப்ப வேண்டியிருக்கிறது. “நாங்களும் ஸ்டாஃப்தான்” என்று உணவறைக்குள் புகுந்து தாமே தட்டை எடுத்துக்கொள்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் மிஞ்சிய இனிப்பைக் கேட்கிறார்கள். பரிமாறும் புதிய பணிப்பெண்ணுக்கு அங்கேயே பாடம் நடத்துகிறார்கள். இவற்றையெல்லாம் நட்பு என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு. அந்தப் பணிப்பெண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. எதிரே இருப்பவர் நாளை தன்னை மதிப்பிடும் சூப்பர்வைசராக வரலாம் என்ற எண்ணத்தில் அவர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்.

பேச்சு இன்னொரு தொல்லை. இரண்டு ஊழியர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அலுவலகக் கதை வரத்தான் செய்யும். போன வாரம் இதே விமானத்தில் என்ன பழுது வந்தது, எந்தக் கேப்டன் எப்படித் தரையிறக்குவார் என்று உரக்கப் பேசும்போது, ஜன்னலோரத்தில் முதன்முதலாகப் பறக்கும் ஒரு பாட்டி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது பணியாளர் எழுந்து நடந்தால் அதைவிடக் கேடு. அவர் யார் என்று தெரிந்த சுற்று வரிசைகளுக்கு அது ஒரு செய்தி: விளக்கு சும்மா எரிகிறது. விமானக் குழுவினர் அடுத்து பத்துப் பேரை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கும், பத்துப் பேரும் அந்த ஒருவரைக் காட்டுவார்கள்.

இந்தியாவில் பணியாளர் பயணத்தின் எல்லை மீறப்பட்டதற்குப் பதிவான ஒரு நிகழ்வு உண்டு. 2023 பிப்ரவரி 27 அன்று தில்லியிலிருந்து துபாய்க்குப் போன ஏர் இந்தியா விமானத்தில், அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பயணியாக வந்தார். விமானம் நடுவானில் சென்றுகொண்டிருந்தபோது அவரைக் காக்பிட்டுக்குள் வர விமானி அனுமதித்தார். அதற்கு முறையான அங்கீகாரம் இல்லை. விமானக் குழுவைச் சேர்ந்த ஒருவர் புகார் கொடுத்தார். தலைமை இயக்குநரகம் விசாரித்து, மே மாதத்தில் விமானியின் உரிமத்தை 3 மாதம் நிறுத்திவைத்தது. துணை விமானியை எச்சரித்தது. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்துக்கு இயக்குநரகம் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. பாதுகாப்பு சார்ந்த ஒரு புகாரின் மேல் நிறுவனம் உடனடியாகவும் பயனுள்ள வகையிலும் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதே அது. குற்றத்தின் கனத்தை அளக்கும்போது, புகார் கொடுத்தவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்பதும் அளக்கப்பட்டது.

காக்பிட்டில் அந்த நேரத்தில் என்ன பேச்சு நடந்திருந்தாலும் அது சிறிய விஷயம். பயணியாக வந்த சக ஊழியர் மேலதிகாரியின் நண்பர் என்ற நிலையில் உள்ளே இருக்கும்போது, வேலை செய்யும் குழுவினர் அவரிடம் ‘வெளியே போங்கள்’ என்று சொல்ல முடியாமல் நிற்க வேண்டியதுதான் பெரிய விஷயம். விமானத்தில் கட்டளை வரிசை ஒன்றுதான். பாஸில் வந்தவர் தலைமை விமானியாகவே இருந்தாலும் அன்றைக்கு அவர் பயணி. கடைசி வரிசையில் நிற்கும் 22 வயதுப் பணிப்பெண் சொல்வதை அவர் கேட்க வேண்டும். விமானக் குழுவினரை வாயாலோ கையாலோ மிரட்டுவதும், அவர்களுடைய சட்டபூர்வமான கட்டளையை மறுப்பதும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 22-ஆம் விதிப்படி குற்றம். சக ஊழியர் என்பதற்காக அந்த விதி யாருக்கும் விலக்குத் தரவில்லை.

இதே காக்பிட்டுக்குள் பயணியாக வந்த ஊழியர் நுழைந்து மனித உயிர்களைக் காத்த நாளும் உண்டு. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232-ஆம் விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. இறக்கைகளையும் வாலையும் அசைக்கும் விசை எதுவும் விமானியிடம் மிஞ்சவில்லை. பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் அதே வகை விமானத்தில் பயிற்சி தரும் விமானி. அவர் எழுந்து முன்னே ஓடவில்லை. விமானப் பணிப்பெண் மூலம் கேப்டன் ஆல் ஹேன்ஸுக்குச் சொல்லியனுப்பினார்: தான் இருப்பதாகவும், தேவைப்பட்டால் உதவுவதாகவும். கேப்டன் அழைத்தபின் உள்ளே போய், மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில்களை மாற்றி மாற்றி இயக்கி விமானத்தை சூ சிட்டி வரை கொண்டுவர உதவினார். விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பயணியாக வரும் ஊழியரின் திறமைக்கு விமானத்தில் இடமிருக்கிறது. அழைப்பு வந்தபின் அந்த இடம் திறக்கிறது.

காக்பிட்டில் கூடுதலாக இருக்கும் ‘ஜம்ப் சீட்’டில் பறக்கும் வழக்கம் அமெரிக்க விமானிகளிடையே பரவலானது. அங்கே இன்றும் ஒரு மரபு கடைப்பிடிக்கப்படுகிறது: உட்காரப்போகும் விமானி, எவ்வளவு மூத்தவரானாலும், முதலில் கேப்டனிடம் அனுமதி கேட்கிறார், இறங்கும்போது நன்றி சொல்கிறார். 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சு கூடாது என்ற விதி அவரையும் கட்டுப்படுத்துகிறது. தொழிலாளர்களே தங்களுக்குள் வகுத்துக்கொண்ட இந்த மரியாதை, பின்னே உட்காரும் ஊழியர்களிடமும் பரவ வேண்டியது.

அடையாள அட்டை எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை இந்தத் தொழில் மிகக் கொடிய வழியில் கற்றது. 1987 டிசம்பர் 7 அன்று, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் திருப்பி வாங்கப்படாத தன் அட்டையைக் காட்டிச் சோதனையைத் தாண்டி, துப்பாக்கியோடு பசிபிக் சவுத்வெஸ்ட் 1771-இல் ஏறினார். அதில் இருந்த 43 பேரும் இறந்தார்கள். பணியாளருக்கும் பயணிக்கு உள்ளதுபோன்ற சோதனை, நீக்கப்பட்டவரின் அட்டையை உடனே பறித்தல் ஆகியவை அதன்பின் கட்டாயமாயின. பணியில் இல்லாத நாளிலும் அட்டையைக் காட்டிக் குறுக்கு வரிசையில் புகுபவர்கள், சோதனை செய்யும் காவலரிடம் முகம் சுளிப்பவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. 2025 டிசம்பரில் தில்லி விமான நிலையத்தில் சோதனை வரிசையை ஒட்டி எழுந்த தகராறில், பணியில் இல்லாத விமானி ஒருவர் பயணியைத் தாக்கியதாகப் புகார் எழுந்தது. அவர் அன்று வேறொரு நிறுவனத்தின் பயணி. அவருடைய நிறுவனம் அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது.

குடும்பத்தார் நிலை கொஞ்சம் வேறு. மகன் விமான நிறுவனத்தில் இருக்கிறான் என்பதில் ஒரு தகப்பனுக்கு உள்ள பெருமிதத்தைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் விதிகளைச் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை. “எங்க பையன் இங்கதான் வேலை பார்க்கிறான்” என்று அவர் கவுன்டரில் சொல்லும்போது அதில் மிரட்டல் இல்லை. எதிரே இருப்பவருக்கு அது மிரட்டலாகவே கேட்கிறது. இடம் கிடைக்காமல் போகலாம், கேட்ட இருக்கை வராது, குடும்பம் தனித்தனியாக உட்கார வேண்டியிருக்கும், பெயர் கூப்பிடும்வரை கவுன்டரை நெருங்கக் கூடாது ஆகியவற்றைப் பாஸ் எடுத்துத் தருபவர் வீட்டிலேயே உட்கார்ந்து விளக்க வேண்டும். பாஸில் வருபவரின் தவறுக்குப் பல நிறுவனங்களில் ஊழியரின் பாஸே நிறுத்தப்படும் என்பதையும் சேர்த்து.

உடை குறித்த விதிகள் ஒரு காலத்தில் கடுமையாக இருந்தன. 2017 மார்ச்சில் டென்வரில், பாஸில் வந்த இரண்டு சிறுமியரை லெகிங்ஸ் அணிந்ததற்காக யுனைடெட் ஏற்ற மறுத்தது; டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. உடையைக் கண்காணிப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைப் பேச்சைக் கண்காணிப்பதில் காட்டியிருந்தால் பயன் அதிகமாக இருந்திருக்கும்.

தண்டனைக்கான விதிகள் இல்லாமலில்லை. முரட்டுப் பயணிகள் தொடர்பாகத் தலைமை இயக்குநரகம் 2017 செப்டம்பரில் வெளியிட்ட விதி மூன்று நிலைகளை வகுத்தது: வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை பறக்கத் தடை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்குக் குறைந்தது 2 ஆண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில், வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும் பயணிகள் அல்லது நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதியும் கொண்ட குழு 30 நாளில் முடிவெடுக்க வேண்டும். பாஸில் வருபவரும் இந்த விதியின் கண்ணில் பயணிதான். நிறுவனங்களிடமும் பாஸை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது.

புகார்தான் வருவதில்லை. கேட்டில் நிற்பவருக்குத் திட்டியவரின் பெயரும் ஊழியர் எண்ணும் திரையிலேயே தெரியும், இருந்தும் எழுதுவதில்லை. அடுத்த ஷிஃப்டில் அதே நபரை அதே கட்டடத்தில் பார்க்க வேண்டும். ஒப்பந்த ஊழியராக இருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளை நினைக்க வேண்டும். இதை மாற்றுவது நிறுவனங்களின் வேலை. புகார், சம்பந்தப்பட்டவரின் துறைக்குப் போகாமல் ஸ்டாஃப் டிராவல் பிரிவுக்கு நேரே போக வேண்டும். எழுதியவர் பெயர் வெளியே வரக் கூடாது. தரைப்பணி நிறுவன ஊழியர்களுக்கும் அதே வழி திறந்திருக்க வேண்டும். முடிவு என்ன ஆயிற்று என்று எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் இதைக் கேட்கலாம், ஏனென்றால் திட்டு வாங்குபவரும் உறுப்பினர்தான்.

இடம் கிடைக்காமல் போனால் நடைமுறை எளிது. பெரும்பாலான நிறுவனங்களில் பெயர் அடுத்த விமானத்தின் பட்டியலுக்கு மாற்றப்படும். சுற்றுவழியில் வேறு ஊர் போய்ச் சேரலாம். இரவு தங்கக் கொஞ்சம் பணம் கையில் வேண்டும். தங்கையின் கல்யாணம், பிள்ளையின் நேர்முகத் தேர்வு போன்ற தவற விட முடியாத நாளுக்குப் பாஸை நம்பாமல் டிக்கெட் வாங்கிவிட வேண்டும். வீட்டில் சாவு விழுந்து ஓடுபவர்களுக்காகச் சில நிறுவனங்கள் முன்னுரிமைப் பாஸ் வைத்திருக்கின்றன. அதை எல்லா நிறுவனங்களும் வைக்க வேண்டும். அப்படி ஒருவர் வரிசையில் நிற்கும் நாளில், சுற்றுலாவுக்குக் கிளம்பிய சக ஊழியர் தன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள கவுன்டரில் ஒரு நிமிடம் போதும்.